மாற்று உரைத்தல்

நுழையும்முன்

பலர் கூடிச் செய்யும் பணிக்கு ஒழுங்கு வேண்டும். ஆனால், ஒழுங்குபடுத்துவதே பணியாகிவிடக் கூடாது. கணினித் தமிழுக்காக ஊதியம் கருதாமல் உழைப்போர் அடிக்கடி எதிர்கொள்ளும் சிக்கல் இது. ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான கோப்புகளைத் திருத்தும் ஆற்றல் மாணவர் கைக்கும் எட்டிவிட்ட காலத்தில், எதைத் திருத்துவது, எதைத் தொடாமல் விடுவது என்று எப்படி முடிவு செய்வது? பீங்கானுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்திலிருந்து எழுதப்பட்ட இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

ஒன்றுபோல் இருத்தல்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்திருக்கிறது எங்கள் ஊராகிய விருத்தாசலம். ஊரின் பெயரைச் சொன்னதும் பழமலைநாதர் கோயிலை நினைப்பவர் பலர். பீங்கானை நினைப்பவர் சிலர். நெய்வேலிச் சுரங்கப் பகுதியின் களிமண் பக்கத்திலேயே கிடைப்பதால், இங்குப் பீங்கான் தொழில் வேரூன்றியது. மின்னிணைப்புகளில் பொருத்தும் பியூஸ் கேரியரும் இங்கே செய்யப்படுகிறது. கார்த்திகைக்கு ஏற்றும் அகல் விளக்கும் இங்கே செய்யப்படுகிறது. நவராத்திரிக் கொலுவில் வைக்கும் பொம்மையும் இங்கே செய்யப்படுகிறது.

இம்மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பியூஸ் கேரியரின் துளை ஒரு நூலளவு விலகினாலும் திருகு உட்செல்லாது. ஆகவே, அங்கே ஒன்றுபோல் இருத்தல் என்பது அழகன்று, தேவை. அகல் விளக்கோ சற்றே சாய்ந்திருந்தாலும் எண்ணெய் தாங்கும், திரி எரியும். அதன் விளிம்பைத் தேய்த்துத் தேய்த்து நூறு விளக்குகளையும் ஓரச்சாக்க முனைபவர், கார்த்திகை கடந்த பிறகே கடைக்குப் போய்ச் சேர்வார். பொம்மைகளுக்கோ முகம் சற்று வேறுபடுவதே சிறப்பு. மண் ஒன்றுதான், சூளையும் ஒன்றுதான். ஆயினும், சீர்மை எங்கே பயன் தருகிறது, எங்கே வீண் வேலையாகிறது என்பது பொருளுக்குப் பொருள் மாறுகிறது.

பகலில் பீங்கான் பட்டறை ஒன்றின் கணக்குகளைப் பார்க்கும் நான், மாலை வேளைகளில் வேறொரு பட்டறையில் பணி செய்கிறேன். அதற்குச் சூளை இல்லை; சுவரும் இல்லை. தமிழ்ச் சொற்பிழைகளைச் சுட்டிக்காட்டும் ஒரு சிறு திறமூல மென்பொருளை நண்பர்கள் ஐவர் கூடிப் பராமரித்து வருகிறோம். பியூஸ் கேரியருக்கும் அகல் விளக்குக்கும் உள்ள இந்த வேறுபாடு அங்கேயும் நாள்தோறும் என் முன்னால் வந்து நிற்கிறது.

திறந்த பட்டறை

திறமூல மென்பொருள் என்பது, தன் மூல நிரலை எவரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருளாகும். 1983ஆம் ஆண்டு ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டம் இவ்வியக்கத்திற்கு வித்திட்டது. 1991ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்சு தொடங்கிய லினக்சு, இன்று உலகெங்கும் வழங்கிகளையும் கைப்பேசிகளையும் இயக்கும் அடித்தளமாக வளர்ந்துள்ளது. பல்லாயிரவர் எழுதிய நிரலை ஒன்றுசேர்க்க 2005ஆம் ஆண்டு அவரே உருவாக்கிய கருவிதான் கிட்.

இத்தகைய திட்டங்களில் வேலை நடக்கும் முறை எளியது. எங்கோ இருக்கும் ஒருவர் ஒரு குறையைக் காண்கிறார். தம் படியில் அதைத் திருத்துகிறார். 'இத்திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கோரிக்கை விடுக்கிறார். திட்டத்தின் பராமரிப்பாளர் அதை வரிவரியாகப் படித்துப் பார்த்து ஏற்கிறார். அல்லது காரணம் கூறி மறுக்கிறார். திருத்தம் தருவோர் எத்தனை பேராகவும் இருக்கலாம். படித்துப் பார்ப்போர் பெரும்பாலும் ஓரிருவரே. அவர்களும் பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துவிட்டு, எஞ்சிய நேரத்தில் விளக்கடியில் அமர்பவர்கள். ஆகவே, திறந்த பட்டறையில் விலைமதிப்பற்ற பொருள் நிரல் அன்று. படித்துப் பார்ப்பவரின் கவனமே ஆகும்.

அக்கவனத்தை மிகுதியாக உண்ணும் கோரிக்கை எது தெரியுமா? கடினமான சிக்கலைத் தீர்க்கும் திருத்தமன்று. பார்வைக்கு எளிதாகத் தோன்றும் பெருந்திரள் சீர்மைத் திருத்தமே அது. எல்லாக் கோப்புகளிலும் வரி முடிவில் உள்ள வெற்றிடத்தை நீக்குதல், ஒற்றை மேற்கோளை இரட்டை மேற்கோளாக்குதல், ஒரு சொல்லை எங்கும் ஒரே வகையில் எழுதுதல் போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. செய்பவருக்கு ஒரு கட்டளை போதும். சரிபார்ப்பவருக்கோ நூற்றுக்கணக்கான பக்கங்கள்.

எளிய திருத்தத்தின் விலை

'வெற்றிடத்தை நீக்கினால் என்ன குறைந்துவிடும்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. மென்பொருளின் இயக்கத்தில் ஒன்றும் குறையாது. ஒன்றும் கூடவும் செய்யாது. ஆனால், வேறு நான்கு இடங்களில் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, முன்னர்க் கூறிய கவனம். ஆயிரம் வரிகள் மாறியிருந்தால் ஆயிரம் வரிகளையும் ஒருவர் பார்த்தாக வேண்டும். பாராமல் ஏற்றால் சரிபார்ப்பு என்பதே பொய்யாகிவிடும்.

இரண்டாவது, வரலாறு. ஒவ்வொரு வரியையும் கடைசியாக யார், எப்போது, எக்காரணத்தால் மாற்றினார் என்பதைக் கிட் நினைவில் வைத்திருக்கிறது. புதிதாக வருபவர் 'இந்த வரி ஏன் இப்படி எழுதப்பட்டிருக்கிறது?' என்று தேடினால் பழைய காரணம் கிடைக்கும். எல்லா வரிகளையும் ஒரே நாளில் ஒருவர் தொட்டுவிட்டால், மேற்பரப்பில் அவர் பெயர்தான் தெரியும்; காரணங்கள் அடியில் புதைந்துவிடும். இக்குறையைப் போக்கவே, குறிப்பிட்ட பெருந்திரள் மாற்றங்களை வரலாற்றுத் தேடலில் விலக்கிவைக்கும் வசதி 2019ஆம் ஆண்டு கிட்டில் சேர்க்கப்பட்டது. குறை பலரையும் வருத்தாதிருந்தால் இவ்வசதி பிறந்திருக்காது.

மூன்றாவது, மோதல். அதே கோப்புகளில் வேறு சிலர் முன்பே பணி செய்துகொண்டிருப்பர். அடித்தளம் திடீரென்று மாறிவிட்டால் அவர்களது பாதி வேலை பொருந்தாமல் போகும். மீண்டும் பொருத்தும் சுமை அவர்கள் தலையில் விழும்.

நான்காவது, ஒளிந்திருக்கும் பிழை. இதுவே கொடியது. தொள்ளாயிரத்துத் தொண்ணூறு வரிகள் சரியாக மாறியிருக்கும்போது, தவறாக மாறிய பத்து வரிகளைக் களைத்த கண் காணாது.

லினக்சின் பராமரிப்பாளர்கள் இதனை அனுபவத்தால் உணர்ந்தவர்கள். அவர்களிடம் எழுத்துநடை விதிகள் உண்டு. விதிமீறலைச் சுட்டும் கருவியும் உண்டு. ஆயினும், பழைய நிரலை நடைக்காக மட்டும் திருத்தி அனுப்புவதை அவர்களுடைய வழிகாட்டி ஊக்குவிப்பதில்லை. ஒரு கோப்பில் வேறு தேவைக்காகக் கைவைக்கும்போது நடையையும் சரிசெய்துகொள்ளலாம் என்பதே அவர்கள் நிலைப்பாடு. அதேசமயம், இன்னும் பக்குவமடையாத நிரல்களுக்கென்று தனிப்பகுதி ஒன்றை வைத்து, புதியவர்கள் அங்கே இத்தகைய சிறு திருத்தங்களால் பழகட்டும் என்று வழிவிட்டிருக்கிறார்கள். கதவை மூடவில்லை, பயிற்சிக்குத் தனி இடம் தந்தார்கள்.

ஒரு கொம்பின் கதை

எங்கள் சிறு திட்டத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவரிடமிருந்து கோரிக்கை வந்தது. அவர் 312 கோப்புகளைத் திருத்தியிருந்தார். அவற்றுள் சொற்பட்டியல்களும் உண்டு. மென்பொருளைச் சோதிக்க நாங்கள் தொகுத்த சிறுகதை, செய்தி, பேச்சுவழக்குப் பகுதிகளும் உண்டு.

அவர் கண்டறிந்த குறை உண்மையானது. தமிழில் ஔகார உயிர்மெய்யை எழுதும்போது கொம்புக்கும் எழுத்துக்கும் பின் வரும் குறியீடு, பார்வைக்கு 'ள' போலவே இருக்கும். தட்டச்சு செய்வோர் பலர் அக்குறியீட்டுக்குப் பதிலாக 'ள' என்னும் எழுத்தையே இட்டுவிடுவர். 'பௌர்ணமி', 'மௌனம்', 'கௌரவம்' ஆகியவை இப்படித் தவறாக உள்ளிடப்பட்டாலும் அச்சில் வேறுபாடு தெரியாது. கணினிக்கோ அவை வேறு சொற்கள். சரியாகத் தட்டச்சு செய்து 'மௌனம்' என்று தேடுபவருக்குத் தவறாக உள்ளிடப்பட்ட 'மௌனம்' அகப்படாது. ஆகவே, திருத்தம் தேவைதான்.

அவர் செய்த வழியில்தான் இடர் இருந்தது. ஒற்றைக் கொம்புக்குப் பின் 'ள' வருமிடமெல்லாம் ஔகாரக் குறியீடாக மாற்றும்படி ஒரே கட்டளையை இட்டுவிட்டார். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் உண்டு. நாங்கள் அவரை 'அம்மா' என்றே அழைப்போம். சரிபார்க்கும் பொறுப்பு அவருடையது. இரண்டு இரவுகள் அமர்ந்து படித்த பிறகு மூன்றாம் நாள் அழைத்தார்.

"நம்ம மணிமுத்தாறு எந்த ஆற்றில் கலக்கிறது?" என்று கேட்டார்.

"வெள்ளாற்றில், அம்மா" என்றேன்.

"இந்தத் திருத்தத்தை ஏற்றால் அந்த ஆறு வற்றிவிடும், தம்பி. வெள்ளாறு, வெள்ளி, வெளி, தெளிவு எல்லாமே உடைந்து கிடக்கின்றன" என்றார்.

உண்மைதான். 'வெள்ளாறு' என்ற சொல்லில் வரும் 'ள்' தனி எழுத்து. அதையும் கட்டளை விழுங்கியிருந்தது. சொல்லின் நடுவே புள்ளி மட்டும் அந்தரத்தில் தொங்கியது. சொற்பிழையைக் காட்ட வேண்டிய மென்பொருளே, 'தெளிவு' என்று சரியாக எழுதியவரைப் பிழை செய்தவராகக் காட்டும் நிலை உருவாகியிருந்தது.

ஆயினும், அம்மாவின் குரலில் நான் கேட்டது சினம் அன்று, களைப்பு. "மட்பாண்டம் வனைவோர் பேசும் சொற்களைச் சேர்க்கலாம் என்றுதான் இதில் சேர்ந்தேன். இந்த மாதம் முழுவதும் கொம்பையும் காலையும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். இதற்குத்தானா என் கண்பார்வை?" என்றார். அக்கேள்விக்கு என்னிடம் உடனே விடை இல்லை. ஒருபுறம், அறுபது வயதைக் கடந்தும் மொழிக்காக உழைக்கும் ஒருவரை இழக்கும் அச்சம். மறுபுறம், முதன்முறையாக உதவிக்கு வந்த இளைஞரை ஒரே சொல்லில் திருப்பி அனுப்பினால் அவர் மீண்டும் வாரார் என்ற அச்சம். சிறு திட்டங்கள் பணமின்மையால் அழிவதைவிட, இவ்விரு வகை மனிதர்களையும் இழப்பதால் அழிவதே மிகுதி.

மறுப்பதும் ஒரு கலை

மாணவருக்கு நான் எழுதிய மறுமொழியில் மூன்று செய்திகள் இருந்தன. அவர் கண்ட குறை உண்மையானது என்பதும், அதற்காக நன்றி என்பதும் முதலாவது. இக்கோரிக்கையை இவ்வடிவில் ஏற்க இயலாது என்பது இரண்டாவது. உடைந்த சொற்கள் சிலவற்றைச் சான்றாகக் காட்டினேன். அடுத்து என்ன செய்யலாம் என்பது மூன்றாவது. 'பார்க்கிறோம்' என்று சொல்லிக் காலம் தாழ்த்துவது இரக்கம் போலத் தோன்றும். உண்மையில் அது மறுப்பைவிடக் கொடியது. காத்திருப்பவர் தம் வேலையின் மதிப்பை அறியாமலே சோர்ந்துவிடுவார்.

மறுநாள் அவரே அழைத்தார். "ஐயா, ஆயிரக்கணக்கான சொற்களை எப்படி ஒவ்வொன்றாகப் பார்ப்பது? அதற்குத்தானே கணினி?" என்றார்.

"கணினி பார்க்கக்கூடியதைக் கணினியிடம் விடுவோம். எஞ்சியதை மட்டும் மனிதர் பார்ப்போம். அந்தப் பிரிவினையைச் செய்து தர உங்களால் முடியுமா?" என்று கேட்டேன்.

இருவரும் பேசி ஒரு விதியைக் கண்டோம். 'ள' என்னும் எழுத்துக்குப் பின் புள்ளியோ, உயிர்க்குறியோ வந்தால் அது தனி எழுத்தே, தொடக் கூடாது. 'வெள்ளி', 'வெளி', 'தெளிவு', 'கெளுத்தி' ஆகிய அனைத்தும் இவ்வொரு விதியால் காப்பாற்றப்பட்டன. குறி ஏதுமின்றி 'ள' தனித்து நின்றால் மட்டும் ஐயம். அங்கும் கணினி தானே மாற்றக் கூடாது. பட்டியலிட்டுக் காட்ட வேண்டும். ஏனெனில், 'விளக்கமாறு' என்பதைப் பேச்சுவழக்கில் 'வெளக்கமாறு' என்று எழுதிய கதைகளும் எங்கள் தொகுப்பில் உண்டு. அங்கே 'ள' தனித்து நின்றாலும் எழுத்தேதான். அதைக் கணினி அறியாது; தமிழ் பேசும் எவரும் அறிவர்.

இவ்வாறு சலித்தபின் மனிதர் பார்க்க வேண்டியவை ஓரிரு பக்கங்களாகச் சுருங்கின. அம்மா அவற்றை ஒரே மாலையில் முடித்துவிட்டார். மாணவர் எழுதிய சலிப்பு நிரல் திட்டத்திலேயே நிலையாகச் சேர்க்கப்பட்டது. இனி யாரேனும் புதிய சொல்லைத் தவறான வடிவில் அனுப்பினால், அனுப்பும்போதே அது எச்சரிக்கும். முந்நூறு கோப்புகளைத் தொட்ட திருத்தத்தைவிட, ஒரு கோப்பைச் சேர்த்த இத்திருத்தம் மதிப்பு மிக்கதாயிற்று.

உலகம் கண்ட வழிகள்

இச்சிக்கல் எங்கள் ஐவருக்கு மட்டும் உரியதன்று. திறமூலப் பங்களிப்பை ஊக்குவிக்க 2014ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் 'ஹேக்டோபர்ஃபெஸ்ட்' என்னும் நிகழ்வு நடத்தப்படுகிறது. 2020ஆம் ஆண்டு, நான்கு கோரிக்கைகளை அனுப்பினால் ஒரு பனியன் பரிசு என்பது விதி. எண்ணிக்கைக்குப் பரிசு என்றவுடன், பொருளற்ற ஓரிரு சொற்களைக் குறிப்புக் கோப்புகளில் செருகிய கோரிக்கைகள் வெள்ளமெனக் குவிந்தன. பராமரிப்பாளர்கள் தம் வேலையை விட்டுவிட்டு அவற்றை மூடுவதிலேயே நாள்களைக் கழித்தனர். அம்மாதத் தொடக்கத்திலேயே விதி மாற்றப்பட்டது. விரும்பிப் பெயர் கொடுத்த திட்டங்களுக்கு அனுப்பும் கோரிக்கைகளே கணக்கில் கொள்ளப்படும் என்றாயிற்று. எதை எண்ணுகிறோமோ அதுவே பெருகும். பயனை எண்ணாமல் தலையை எண்ணினால் தலைகளே பெருகும்.

2003ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியாவும் இத்தகைய நிலையைச் சந்தித்தது. கூகுள் நிறுவனத்தின் மொழிபெயர்ப்புத் திட்டத்தின்வழி, கருவியின் துணையோடு பெயர்க்கப்பட்ட நீண்ட கட்டுரைகள் அதில் திரளாகச் சேர்ந்தன. எண்ணிக்கை கூடியது, ஆனால், நடையும் பொருளும் பல இடங்களில் இடறின. தன்னார்வலர் அவற்றைக் கண்மூடி வரவேற்கவும் இல்லை. மொத்தமாக வெறுத்தொதுக்கவும் இல்லை. குறைகளைத் தொகுத்தனர், உரியவரோடு பேசினர். 2010ஆம் ஆண்டு போலந்து நாட்டில் நடைபெற்ற விக்கிமேனியா மாநாட்டில் அ. இரவிசங்கர் இத்திட்டம் பற்றிய மதிப்பாய்வை முன்வைத்தார். விக்கிப்பீடியாவில் இன்னொரு நல்ல வழக்கமும் உண்டு. ஒரே வகைத் திருத்தத்தைத் திரளாகச் செய்ய விரும்புபவர், தானியங்கிக் கணக்குக்கு முன்கூட்டியே ஒப்புதல் கேட்க வேண்டும். ஒப்புதல் பெற்ற தானியங்கியின் திருத்தங்களை அண்மைய மாற்றங்களின் பட்டியலில் மறைத்துவைக்கலாம். இதனால், மனிதர் செய்த திருத்தங்கள் திரளில் மூழ்கிவிடுவதில்லை.

பெயர்களைச் சீராக்கியபோது

கணினிக்கு வெளியேயும் இதே கதை உண்டு. தமிழ்நாட்டில் 1018 ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது தமிழ் ஒலிப்பை ஒட்டியே எழுத வேண்டும் என்ற அரசாணை 2020ஆம் ஆண்டு வெளியாயிற்று. நோக்கம் நல்லதே. 'டூட்டிகொரின்' என்பது 'தூத்துக்குடி' ஆவதை யார் வேண்டாம் என்பார்? ஆனால், ஆயிரம் பெயர்களை ஒருசேர மாற்றியதில் ஒவ்வொன்றையும் நின்று பார்க்க இடமில்லாமற் போயிற்று. வேலூருக்குத் தரப்பட்ட புதிய எழுத்துக்கூட்டலை 'வீலூர்' என்றே படிக்க நேரும் என்று பலர் சுட்டிக்காட்டினர். சில நாள்களிலேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது.

இதனால் சீர்மையே தீது என்று கொள்ளலாகாது. 1978ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தை எண்ணிப் பாருங்கள். 1935ஆம் ஆண்டிலேயே பெரியார் தம் இதழில் கையாளத் தொடங்கிய வடிவங்கள் பல அதன்வழி பொதுவழக்காயின. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துகள் மட்டும் மாறின. அச்சுக் கோப்போருக்கும் தட்டச்சருக்கும் எழுத்துப் பயிலும் குழந்தைக்கும் அதனால் சுமை குறைந்தது. பழைய நூல்களை யாரும் தேடிப்பிடித்துத் திருத்தவில்லை. அவை பழைய வடிவிலேயே நூலகங்களில் இருக்கின்றன. அவ்வாறே, எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் என்று சிதறிக் கிடந்த கணினித் தமிழுக்கு, 2010ஆம் ஆண்டு தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது பெருநன்மை. அதற்கு முன் ஒருவர் அனுப்பிய மடலை இன்னொருவர் கணினியில் படிக்கவும் தடை இருந்தது. இவ்விரு மாற்றங்களுக்கும் தேவை தெளிவாக இருந்தது; எல்லை வரையறுக்கப்பட்டிருந்தது; நெடுநாள் உரையாடல் முன்னால் நடந்திருந்தது. இவை பியூஸ் கேரியரின் துளையைச் சீராக்கியவை. அகல் விளக்கின் விளிம்பைத் தேய்த்தவை அல்ல.

எங்கள் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். விருத்தாசலம் என்றும் விருத்தாச்சலம் என்றும் எழுதுகிறோம். தேவாரம் பாடிய காலத்தில் திருமுதுகுன்றம்; பழமலை என்பதும் இவ்வூர்ப் பெயரே. எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றே: பழைய மலை. இணைய வரைபடத்தில் ஒரு கட்டளையால் இவற்றை ஒன்றாக்கிவிடலாம். ஆனால், எவரும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில், திரள் திருத்தம் செய்வதற்கு முன் அதுபற்றிக் கலந்துபேச வேண்டும் என்ற நெறி உண்டு. மேலும், முதன்மைப் பெயர், மாற்றுப் பெயர், பழைய பெயர் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடமும் உண்டு. ஒன்றை நிலைநிறுத்த மற்றவற்றை அழிக்க வேண்டியதில்லை என்பதை அந்த ஏற்பாடு கற்பிக்கிறது.

மச்சம் வெட்டிக்கொள்ளுதல்

திருமுதுகுன்றத்தோடு தொடர்புடைய கதை ஒன்று பெரியபுராணத்தில் வருகிறது. சுந்தரர் இங்கே பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது கதை. 'ஆற்றிலே போட்டுவிட்டுக் குளத்திலே தேடுவதா?' என்று இன்றும் நாம் வேடிக்கையாகப் பேசுவது இதிலிருந்தே. பலர் மறந்துவிடும் பகுதி ஒன்று அக்கதையில் உண்டு. ஆற்றில் இடுவதற்கு முன் சுந்தரர் அப்பொன்னில் சிறு துண்டை வெட்டித் தம்மிடம் வைத்துக்கொண்டார். அதற்கு 'மச்சம்' என்று பெயர். குளத்தில் எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு ஒப்பிட்டு மாற்று உரைத்துப் பார்த்தபோது, தரம் குறைந்திருந்தது தெரியவந்தது. பிறகே அது சீர் செய்யப்பட்டது.

பெருந்திரள் மாற்றத்தைக் கையாளும் நெறி முழுவதும் இதில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றும். எவ்வளவு பெரிய பொருளையும் ஆற்றில் விடுமுன் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும். முந்நூறு கோப்புகளைத் திருத்துமுன் மூன்று கோப்புகளைத் திருத்திக் காட்டி, 'இது உங்களுக்கு வேண்டுமா?' என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் இழப்பு அரைமணி நேரமே. வேண்டும் என்றால் அந்த மூன்றே மற்றவற்றுக்கு உரைகல். நடைத்திருத்தத்தையும் பொருள்திருத்தத்தையும் ஒரே கோரிக்கையில் கலக்காமல் தனித்தனியே தர வேண்டும். கணினி சரிபார்க்கக்கூடியதை மனிதர் தலையில் ஏற்றக் கூடாது. இவை பங்களிப்பவர் கடன்.

பராமரிப்பவருக்கும் கடன் உண்டு. எதை ஏற்போம், எதை ஏற்க மாட்டோம் என்பதை வாயிலிலேயே எழுதி வைக்க வேண்டும். எழுதி வைக்காத விதியை மீறினார் என்று ஒருவரை நோவது அறமாகாது. மறுக்கும்போது வேலையை மறுக்கலாம். வந்தவரை மறுக்கக் கூடாது. சிறு மாற்றம் என்பதாலேயே பயனற்றது என்றும் முடிவு கட்டக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஔகாரக் குறியீடு ஒன்று, தேடுபவருக்கும் நூலுக்கும் இடையே சுவராக நிற்பதைப் பார்த்தோம் அல்லவா? 'இதனால் படிப்பவருக்கு என்ன கிடைக்கும்?' என்ற ஒரு கேள்வியே உரைகல். அதற்கு விடை உண்டு எனில், ஒரு புள்ளியும் பெரிது. விடை இல்லையெனில், ஆயிரம் கோப்புகளும் சிறிது.

மாணவர்களே, நீங்களும் நாளை இத்தகைய திறந்த பட்டறைகளுக்குள் நுழைவீர்கள். நுழைவதற்குப் பெரும்புலமை தேவையில்லை. தமிழ் தெரிந்திருப்பதே ஒரு தகுதிதான். உங்கள் ஊரில் வழங்கி, எந்தப் பட்டியலிலும் ஏறாத சொல் ஒன்றைச் சேருங்கள். தவறாக விளக்கப்பட்ட குறிப்பு ஒன்றைத் திருத்துங்கள். புரியாத இடத்தில் கேள்வி எழுப்புங்கள். எண்ணிக்கை உங்களை மயக்க வேண்டாம்.

மேற்சொன்ன மாணவர் இன்று எங்கள் குழுவில் ஆறாமவர். அண்மையில் அவரிடமிருந்து ஒரு கோரிக்கை வந்தது. திருத்தம் ஒரே வரி. மண்ணைத் திகிரியில் இட்டு உருவாக்குவதைக் குறிக்கும் 'வனை' என்ற வினைச்சொல் எங்கள் பட்டியலில் இருந்தாலும், அதன் வடிவங்களுள் ஒன்றாகிய 'வனைவோர்' விடுபட்டிருந்தது, அதைச் சேர்த்திருந்தார். அம்மா அதனைப் படித்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 'ஏற்கப்பட்டது' என்று எழுதியதோடு நில்லாமல், கீழே இன்னொரு வரியும் சேர்த்திருந்தார்: "இதற்காகத்தான் காத்திருந்தேன்."